உபதேசியார் பார்த்த படங்கள்

உபதேசியார் உபகாரசாமி நாற்பத்தெட்டு வயது வரை சினிமாவே பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று அவரை யாரும் தடுத்து வைத்திருக்கவில்லை. விடியற்காலையில் கோயில் மணி அடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாவு வீடுகளில் செபமாலை சொல்ல வேண்டும். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை செபத்தையும் அவரே நடத்த வேண்டும். இதற்கே நாள் போய்விடும். சேலத்திலிருந்து ஜலகண்டாபுரம் போகும் சாலையில், தறி வீடுகளுக்கும் சோளக் காடுகளுக்கும் நடுவே இருந்த சின்னப் பங்கு அது. சினிமா பார்க்க வேண்டுமென்றால் சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டும். உபகாரசாமி சேலத்துக்குப் போனால் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில், பாஸ்குத் திருநாளான ஈஸ்டர் முடிந்த கையோடு, கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தியேட்டர் திறந்தார்கள். செங்கல் சுவரும் தகரக் கூரையும் போட்ட கட்டடம். சனி ஞாயிறுகளில் பகல் ஆட்டமும் உண்டு. ஒலிபெருக்கியில் அவர்கள் போட்ட பாட்டு, சாயங்காலச் செபத்தின்போது பீடம்வரைக்கும் கேட்டது.

பங்குச் சாமியார் இராயப்பர் யோசனைக்காரர். அவர் உபதேசியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம சனம் அங்கே போகாம இருக்கப்போறதில்லை, உபதேசியாரே. மொத்தமாப் போகாதேன்னு சொன்னா, பொய் சொல்லிட்டுப் போவாங்க. எது நல்ல படம், எது கெட்ட படம்னு சொன்னா ஒருவேளை கேப்பாங்க. என்னைப் போல குருமார் கொட்டகைக்குள்ளே கால் வைக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. நீர் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லும்."

"நானுங்களா சாமி? எனக்கு அதுல என்னுங்க தெரியும்?"

"பத்துக் கட்டளை தெரியுமில்லே?"

"தெரியுமுங்க."

"அது போதும்."

பூசை நேரம் எழுதிப்போடும் கரும்பலகை கோயில் வாசலில் தொங்கியது. அதன் கீழ்ப்பாதியைச் சினிமாவுக்கு ஒதுக்கினார்கள். எல்லாரும் பார்க்கலாம், பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்று மூன்று விதமான தீர்ப்பு. சனிக்கிழமைப் பகல் ஆட்டத்துக்கு உபதேசியார் போவது, சாயங்காலம் சாமியாரிடம் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன்னால் பலகையில் எழுதிவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

முதல் சனிக்கிழமை, வெள்ளை வேட்டி கட்டி, சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு உபகாரசாமி தியேட்டருக்குப் போனார். பாவம் நடக்கிற இடத்துக்குப் போகிறோம், கண்ணை விழிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனார். வாசலில் டிக்கெட் கிழிக்கும் அங்கமுத்து அவரை அடையாளம் கண்டு, "வாங்க கோயிலய்யா" என்று வழிவிட்டான். உள்ளே ஒரே பீடி வாசனை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர். உபகாரசாமி அந்தச் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டார்.

விளக்குகள் அணைந்தன. தலைக்கு மேலே ஒரு வெளிச்சம் ஓடியது. பீடிப் புகை அதில் புகுந்து சுருண்டது. அவர் முதலில் திரையைப் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் மேற்குச் சன்னல் வழியாகச் சாயங்காலத்தில் இறங்கும் வெயில் அவருக்கு நினைவு வந்தது. இந்த இடத்தில் கோயிலை நினைக்கலாமா என்று உடனே கூச்சப்பட்டு, பார்வையைத் திரைக்குத் திருப்பினார்.

அண்ணன் செய்த திருட்டுக்குத் தம்பி சிறைக்குப் போகிற கதை. தாய்க்கு உண்மை தெரியும், ஆனால் சொல்ல முடியாது. சிறை வாசலில் அந்தத் தாய் நிற்கும் இடத்தில் அவளுடைய முகம் திரை முழுவதும் வந்தது. கோயில் முகப்பு அளவு பெரிய முகம். கண்ணில் நீர் கோத்து, இமையின் ஓரத்தில் நின்று, நடுங்கி, பிறகு உருண்டது. அந்த ஒரு சொட்டு ஒரு குடம் தண்ணீர் அளவு இருந்தது.

உபகாரசாமி எத்தனையோ சாவு வீடுகளுக்குச் செபம் சொல்லப் போனவர். எத்தனையோ தாய்மார் அவர் எதிரில் அழுதிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் கண்ணைச் செபப் புத்தகத்தின்மேல் வைத்திருப்பார். அழுகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அது மரியாதை இல்லை என்பது அவருடைய பழக்கம். இங்கே ஒரு தாய் அழுகிறாள், எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வாழ்நாளில் ஓர் அழுகையை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அவருக்குப் பட்டது.

படம் முடிந்து வெளியே வந்தால், சாலை வேறு சாலையாகத் தெரிந்தது. எதிரே வந்தவர்களின் முகங்களெல்லாம் மிகச் சின்னதாக இருந்தன. ஒவ்வொரு முகத்துக்கு உள்ளேயும் அவ்வளவு பெரிய முகம் ஒன்று இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே நடந்தவர், தன் வீட்டைத் தாண்டிப் போய், சோளக் காடு வந்த பிறகுதான் நின்றார்.

அன்று சாயங்காலம் சாமியாரின் அறையில் நின்றபடி அவர் அறிக்கை சொன்னார். நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். ஆனால் சிறை வாசலுக்கு வந்ததும் குரல் மாறிவிட்டது. கையை அகல விரித்து அந்த முகத்தின் அளவைக் காட்டினார். இராயப்பர் கையிலிருந்த, குருமார் நாள்தோறும் சொல்லும் கட்டளைச் செபப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் அந்தத் தம்பி கம்பிக்குள்ள இருந்து கையை நீட்டுறானுங்க சாமி. அம்மா கை எட்டலீங்க."

"எட்டலையா?"

"இத்தினி தூரந்தானுங்க. எட்டலீங்க."

மேசை விளக்கின் திரியை உயர்த்த வேண்டிய நேரம் வந்தும் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் சாமியார் பெருமூச்சுவிட்டு, "சரி, பலகையில் என்ன எழுதலாம்?" என்று கேட்டார்.

உபகாரசாமி விரித்த கைகளை மடக்கிக்கொண்டார். "பார்க்கக் கூடாதுன்னு எழுதிடலாமுங்க சாமி."

ஏன் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டால் உபதேசியாரின் பொறுப்பில் தலையிட்டது போல ஆகுமென்று விட்டுவிட்டார்.

அடுத்து வந்தது ராஜா ராணிப் படம். வாள் சண்டை, கோட்டை, நெருப்பு. உபகாரசாமிக்கு ராஜாவின் வசனம் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. ராஜா ஏறிவந்த வெள்ளைக் குதிரைதான் நின்றது. "மத்தவங்களெல்லாம் நடிக்கிறாங்க சாமி. அந்தக் குதிரைக்கு இது நடிப்புன்னே தெரியாதுங்க. நெருப்பைப் பார்த்து அது மெய்யாலுமே பயந்துச்சுங்க. கண்ணுல தெரிஞ்சுது. பொய்க்கு நடுவுல ஒரு மெய் நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க." அதற்கும் பார்க்கக் கூடாது.

இன்னொரு வாரம், படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் செய்திப்படம் காட்டினார்கள். மேட்டூர் அணையில் உபரி நீர் திறந்துவிட்ட காட்சி. உபகாரசாமி வாலிபத்தில் அந்த அணைக்குக் கல் சுமந்தவர். கட்டி முடித்த வருஷம் தண்ணீர் விழுவதைக் கரையில் நின்று பார்த்தவர். அன்று அவருக்குப் பசியும் கால் வலியும்தான் இருந்தன. இன்று திரையில் அந்தத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகச் சரிந்து விழுந்தபோது பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "நேருல பார்த்தப்போ எனக்குத் தெரியலீங்க சாமி. துணியில பார்த்தப்போதான் தெரிஞ்சுது. அது எப்பிடிங்க?" என்று கேட்டார். செய்திப்படத்துக்குப் பின்னால் ஓடிய படத்தின் கதை அன்று இருவர் பேச்சிலும் வரவேயில்லை. பலகையில் மட்டும் வழக்கம்போல எழுதப்பட்டது.

ஆடி மாதத்தில் ஓர் அம்மன் படம் வந்தது. பார்க்காமலே தீர்ப்பு எழுதியிருக்கலாம். கடமை என்று போனார். அம்மன் பிரசன்னமாகும் காட்சியில் பெண்கள் பக்கத்தில் சிலர் எழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி திரைக்கு முன்னால் போய்ச் சூடம் கொளுத்தினாள். உபகாரசாமி குனிந்து பார்த்தபோது தன் இரண்டு கைகளும் மார்புக்கு நேரே கூப்பியிருப்பதைக் கண்டார். எப்போது கூப்பினார் என்று அவருக்கே தெரியாது. திடுக்கிட்டுக் கைகளைப் பிரித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அறிக்கைக்கு முன்னால், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டார். அங்கே என்ன சொன்னார், சாமியார் என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும்.

இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது. தியேட்டரில் மாறி மாறிப் படங்கள் ஓடின. கோயில் பலகையில் தீர்ப்பு மட்டும் மாறவில்லை. பங்குச் சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. சிலர் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லிச் சேலத்துக்குப் பஸ் ஏறி, அங்கே அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

உபகாரசாமியின் மனைவி ஞானமேரி இதுவரை எதுவும் சொல்லவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் சாமியாரின் பங்களாவுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பாள், கோயில் துணிகளை வெளுத்துக் கஞ்சி போடுவாள். பங்களாக் கிணறு சாமியாரின் அறைச் சன்னலுக்கு அடியில் இருந்தது. சனிக்கிழமைச் சாயங்காலங்களில் அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே நிற்பாள். உள்ளே தன் புருஷனின் குரல் ஏறுவதும் தழைவதும் கேட்கும். சாமியார், "அப்புறம்?" என்பது கேட்கும். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவர் தன்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்: "ஏனுங்க, இன்னிக்கு என்ன படமுங்க?"

"ஒண்ணுமில்லை. நமக்கு எதுக்கு அது? சோத்தைப் போடு."

ஐப்பசியில் ஒரு குடும்பப் படம் வந்தது. விபத்தில் பழைய நினைவு போய்விட்ட புருஷனைத் தேடி வந்து, அவன் வீட்டிலேயே ஒரு பெண் வேலைக்காரியாக இருக்கிறாள். அவன் வெயிலில் வந்து உட்காருகிறான். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உன் பேர் என்ன?" என்று கேட்கிறான். அவள் முகம் மட்டும் திரையில். பேச்சில்லை, பாட்டில்லை. இந்த இடத்தைச் சாமியாரிடம் சொல்ல வந்தபோது உபகாரசாமியால் சொல்ல முடியவில்லை. "இதுவரைக்கும் வந்ததுலயே இதைத்தானுங்க சாமி யாரும் பார்க்கவே கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

படம் இரண்டாவது வாரமும் ஓடியது. புதுப் படம் வராததால் உபதேசியாருக்கு அந்தச் சனிக்கிழமை வேலை இல்லை. ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் வெளியே போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். எங்கே என்று ஞானமேரியும் கேட்கவில்லை. அங்கமுத்து டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இது போன வாரம் பார்த்த படமுங்களே, கோயிலய்யா?" என்றான். உபகாரசாமி கேட்காதது போல உள்ளே போய்ச் சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரையில் வெயில் காட்சி வந்ததும் கொட்டகை முழுவதும் வெளிச்சம் பரவியது. எதற்கோ திரும்பிய உபகாரசாமி, சுவருக்கு அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே ஞானமேரியைப் பார்த்தார். பக்கத்தில் அடுத்த வீட்டுக் காளியாத்தாள், தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். இருவர் மடியிலும் வேர்க்கடலை இருந்தது.

முதலில் அவருக்குக் கோபம் வந்தது. கோயில் வாசலில் தன் கையால் எழுதிப்போட்டதை மீறி, தன் பெண்டாட்டியே வந்திருக்கிறாள். அடுத்த நிமிஷம் கோபம் போய்ப் பயம் வந்தது. அந்த இடம் வரப்போகிறது. தண்ணீர்ச் சொம்பு வரப்போகிறது. அதை இவள் எப்படித் தாங்குவாள்? எழுந்து போய்க் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விடலாமா என்று பாதி எழுந்தார். பின்னால் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

அந்த இடம் வந்தது. உபகாரசாமி திரையைப் பார்க்கவில்லை. ஞானமேரியையே பார்த்தார்.

அவள் கடலையை மெல்லுவதை நிறுத்தினாள். திரையிலிருந்து வந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து அசைந்தது. புருவம் நெரிந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது. கண் நிறைந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை. முகத்தை மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு காளியாத்தாள் பக்கம் சாய்ந்து என்னமோ சொன்னாள். இரண்டு பேரும் பலமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அடுத்த காட்சியில் சிரிப்பு நடிகர் வாழைத் தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழுந்தார். ஞானமேரி கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் காளியாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உபகாரசாமி மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்தத் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்த பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இவள் அதை முழுசாக வாங்கிக்கொண்டு, முழுசாக அழுதுவிட்டு, சேதாரம் இல்லாமல் இந்தப் பக்கம் வந்து சிரிக்கிறாள். இவ்வளவு பெரிய மனுஷியோடா இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தோம் என்று நினைத்தார். படம் முடியும்வரை அவர் பார்வை சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது.

அவர் வீட்டுக்குப் போனபோது ஞானமேரி முன்னாலேயே வந்து அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"என்னைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நானும் உங்களைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுன்னு பலகையில எழுதினவரு நீங்கதானுங்களே? அப்புறம் ரெண்டாந்தரம் எதுக்குங்க போனீங்க?"

உபகாரசாமி வாசற்படியில் உட்கார்ந்தார். "அந்தப் பொம்பளை தண்ணி கொண்டாந்து குடுக்குற எடம்..." என்றார்.

"அதுக்கென்னுங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆகாம? நெஞ்சு அடைச்சுப்போச்சு. அழுதேன். அழுதா சரியாப் போவுது."

அவள் எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள். "கெணத்தடியில நின்னு வாராவாரம் கேக்குறேனுங்க. சாமிகிட்ட மணிக்கணக்கா அப்பிடிப் பேசறீங்க. ஊட்டுக்கு வந்தா ஒண்ணுமில்லைங்கறீங்க. எங்கிட்டச் சொல்லப்படாதபடிக்கு அதுல என்னதானுங்க இருக்குது?"

"உனக்குத் தாங்காதுன்னு நினைச்சேன் மேரி."

"எனக்கா?" அவள் குரல் உயர்ந்தது. "உங்க அம்மா படுத்த படுக்கையாக் கெடந்தாங்களே, அப்ப யாருங்க பார்த்தா? பீயும் மூத்திரமும் அள்ளினது யாருங்க? அவிங்க உசுரு போறப்போ தலையை மடியில வெச்சிருந்தது யாருங்க? நீங்க புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டுச் செபம் சொன்னீங்க. நான் அவிங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதைத் தாங்கின எனக்கு இது தாங்காதுங்களா?"

உபகாரசாமி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்புப் புகை வாசல்வரை வந்தது. "அது என்னமோ, எனக்குத் தாங்கலை" என்றார் மெதுவாக. "எந்தப் படமும் தாங்கலை. அதனாலதான் அப்பிடி எழுதினேன்."

ஞானமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் தணிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் மிச்சமிருந்த கடலையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அந்த மொதப் படத்தைச் சொல்லுங்க, கேக்கலாம்" என்றாள். "ஜெயிலு வாசல்ல அம்மா நின்னாளே, அது. கெணத்தடியில பாதிதான் கேட்டுது."

மறுநாள் இரண்டாம் பூசை முடிந்ததும் இருவரும் சாமியாரிடம் போனார்கள். சாமியாரே அன்று உபதேசியாரைக் கூப்பிட நினைத்திருந்தார். சனத்தின் முணுமுணுப்பு அவர் காதுக்கும் வந்திருந்தது.

"உபதேசியாரே, உம்மை நான் சந்தேகப்படலை. ஆனா கேக்கறேன். இத்தனை மாசத்திலே ஒரு நல்ல படம்கூடவா வரலை?"

"எல்லாமே நல்ல படமுங்க சாமி."

"பின்னே?"

"தாங்க முடியாதுங்க."

பிறகு அவர் திக்கித் திணறி விளக்கினார். முகங்களின் அளவைச் சொன்னார். படம் பார்த்து வந்தால் கண்ணில் படுகிற எல்லாருக்காகவும் மனசு பதறுகிறது என்றார். "பாவம்னு ஒண்ணும் கண்ணுல படலீங்க சாமி. ஆனா நம்ம சனம் பகலெல்லாம் தறியில உக்காந்துட்டு, அதுக்குமேல இதையும் சுமக்கணுமான்னு பட்டுது."

இராயப்பர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானமேரி ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் நேத்துப் பார்த்துட்டேனுங்க சாமி. தாங்குச்சு."

"நேத்தா? பலகையிலே கூடாதுன்னு எழுதியிருந்ததே?"

"எழுதினவரே ரெண்டாந்தரம் வந்து உக்காந்திருந்தாருங்க."

சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தரையைப் பார்த்தார். இராயப்பர் சிரித்த சிரிப்பு கிணற்றடி வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, படம் எப்படி? நீ சொல்லு" என்றார்.

"நல்ல படந்தானுங்க. ஆனா அந்தப் பொம்பளை மேல எனக்குக் கோவமுங்க. மொத நாளே அவன் கையைப் புடிச்சு, நான்தான்யா உன் பொண்டாட்டின்னு சொல்லியிருக்கணும். வாயைத் தொறக்காம நின்னதுல பாதிப் படம் வீணாப் போச்சுங்க."

அன்றிலிருந்து ஏற்பாடு மாறியது. சனிக்கிழமைகளில் புருஷன் பெண்டாட்டி இருவரும் போனார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். சாயங்காலம் இருவரும் அறிக்கை சொல்வார்கள். ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று சாமியாருக்கே சந்தேகம் வரும். உபகாரசாமி, ஓடும் ரயிலின் நிழல் வயலில் விழுந்து கூடவே ஓடியதைச் சொல்வார். அந்த ரயிலில் ஏறிப்போன மருமகள் நகையை மாமியாரிடம் ஒப்படைக்காமல் போனது தப்பு என்பாள் ஞானமேரி. வில்லன் சாகும்போது அவன் கண்ணில் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்ததாக அவர் சொல்வார். "அவன் இன்னும் கொஞ்சம் முன்னாலயே செத்திருந்தா பஸ்ஸைப் புடிச்சிருக்கலாமுன்னு காளியாத்தாளோட தங்கச்சி வருத்தப்பட்டாளுங்க" என்பாள் அவள். பலகையில் இப்போது மூன்று விதமான தீர்ப்பும் வந்தன. மழைக் காட்சியில் கூத்தடித்த ஒரு படத்துக்கு ஞானமேரிதான் கண்டிப்பாகக் கூடாது என்றாள். உபகாரசாமி அந்தப் படத்தில் மழையை மட்டுமே கவனித்திருந்தார்.

சனம் பலகையைப் படிப்பதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். எதைப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள ஞானமேரியிடம் கேட்டார்கள். பார்த்துவிட்டு வந்த பிறகு உபகாரசாமியிடம் வந்து உட்கார்ந்தார்கள். தாங்கள் பார்த்த படத்தில் அவர் என்ன பார்த்தார் என்று கேட்பதற்கு.

அடுத்த ஆண்டு இராயப்பரை மேட்டூருக்கு மாற்றினார்கள். பை ஒன்றும் பெட்டி ஒன்றுமாகப் பஸ் ஏறும்போது, "இனிமே யாரு எனக்குப் படம் சொல்லப் போறா?" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உபகாரசாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், பஸ் மறையும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேட்டூர்க் கோயில் திருவிழாவுக்கு உபதேசியாரையும் ஞானமேரியையும் சாமியார் வரச் சொல்லியிருந்தார். சப்பரம் சுற்றி வந்து, அந்தி சாய்ந்ததும், அந்த ஊர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பங்கு மக்கள் கோயில் மைதானத்தில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். எங்கிருந்தோ ஒரு சின்ன புரொஜெக்டரும் கொண்டுவந்திருந்தார்கள். கோயில் மைதானம் பொதுக் கொட்டகை அல்ல. அதனால் சாமியார் இருந்து பார்ப்பதற்கு மேலிடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. அவருக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். உபகாரசாமியும் ஞானமேரியும் அதன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். இங்கே நடுவில் சுவர் இல்லை.

வெளிச்சம் ஓடியது. துணியில் ஒரு காடு வந்தது. காற்றில் இலைகள் புரண்டன. ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் விறகுச் சுமையோடு வந்துகொண்டிருந்தாள்.

சாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். நேரே திரையை நோக்கி நடந்தார். துணிக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பினார். அவருடைய வெள்ளை அங்கியின் மேல் காடு விழுந்தது. மார்பில் இலைகள் அசைந்தன. தோளில் வானம் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் பெரிதாக வந்து அவர் நெஞ்சுப் பொத்தான்களின் மேல் நின்று கண்ணைச் சிமிட்டியது. சாமியார் குனிந்து அதைப் பார்த்தார். கையை நீட்டினார். உள்ளங்கையில் இலைகள் ஓடின.

மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவன் மட்டும், "சாமி, மறைக்குதுங்க!" என்று கத்தினான்.

இராயப்பர் சட்டென்று குனிந்து, வெளிச்சத்துக்கு அடியில் நடந்து திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. உபகாரசாமிக்குப் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்தார். ஞானமேரி நகர்ந்து இடம் விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாமியார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இந்த நேரத்திலே காட்டுக்குள்ளே தனியா எங்கே போறா?"

"எனக்கும் தெரியாதுங்க சாமி" என்றாள் ஞானமேரி. "பேசாமப் பாருங்க. இப்பத் தெரிஞ்சுபோயிரும்."